வியாசர்பாடி வீட்டில் ஆக்சலாட்டில் வளர்க்கலாமா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். எட்டாவது படிக்கும் மகன் கணினி விளையாட்டில் ஆக்சலாட்டிலைப் பார்த்திருக்கிறான். பல்லி போன்ற உடம்போடு தண்ணீரிலேயே வாழும், தவளைக்கு உறவான உயிர் அது. கொளத்தூரில் ஒரு வண்ண மீன் கடையில் அதையே உயிரோடு பார்த்துவிட்டு, வாங்கித் தந்தே ஆகவேண்டும் என்று நிற்கிறான். வீடு முதல் மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். ஒரு அறையில் ஏசி இருக்கிறது, இரவில் மட்டும் ஓடும். கடைக்காரர் "மீன் வளர்க்கிற மாதிரிதாங்க, தொந்தரவே இல்லை" என்றாராம். வாங்கலாமா, அது முடியாதென்றால் நியூட்டோ (ஆக்சலாட்டிலுக்கு உறவான, பல்லி போன்ற சின்ன உயிர்) வெளிநாட்டுத் தவளையோ சரிப்படுமா என்பது கேள்வி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு அமைப்பில் ஆக்சலாட்டில் வேண்டாம். நியூட்டும் வேண்டாம். தவளைகளில் ஒன்றிரண்டு சரிப்படும், அதுவும் சில வேலைகளுக்கு நீங்கள் தயார் என்றால்தான். கொளத்தூர்ப் பக்கம் மீன் தொட்டிகளோடே வாழ்க்கை நடத்துகிறவன் நான். இந்த உயிர்கள் நம் ஊர் வீடுகளில் என்ன பாடுபடுகின்றன என்பதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அதனால் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ஏன் என்பதையும் சொல்கிறேன். உங்கள் மகனுக்கும் படித்துக் காட்டுங்கள். பதிமூன்று வயதுப் பிள்ளைக்குக் காரணம் புரியும்.

ஆக்சலாட்டிலின் சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ ஏரி. அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ நம் ஊட்டியின் உயரம். அங்கே தண்ணீர் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். ஆக்சலாட்டிலுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் தண்ணீர்தான் இதமானது. 20 வரை பரவாயில்லை. 24-ஐத் தாண்டி நாட்கணக்கில் நீடித்தால் உடம்பு கெடத் தொடங்கும். இப்போது நம் ஊரைப் பாருங்கள். சென்னையில் சில்லென்று இருக்கும் தை மாத விடியற்காலையில்கூட வெயில்மானி 20, 21-ஐ ஒட்டித்தான் நிற்கும். அதாவது வருடத்தின் மிகக் குளிர்ந்த நேரமே அதற்குக் கொஞ்சம் சூடு. கத்திரி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் உங்கள் வீட்டில் பகல் முழுக்கக் காய்ந்த தளம் இரவு வெகுநேரம் வரை வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். தரைத்தள வீட்டுக்கும் அதற்குமே நல்ல வித்தியாசம் உண்டு.

சூடான தண்ணீர் அதை எப்படிக் கெடுக்கிறது என்று கேட்பீர்கள். 18 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 9.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5-க்கு இறங்கிவிடும். அதே சமயம் சூடு ஏற ஏற அதன் உடம்பு வேகமாக இயங்கி, இன்னும் அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறையும்போது செலவு கூடுகிறது. கூடவே பூஞ்சையும் பாக்டீரியாவும் சூட்டில் குதூகலமாகப் பெருகும். ஆனாலும் ஆக்சலாட்டில் ஒரே நாளில் செத்துவிடாது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தாங்கும். தலைக்குப் பின்னால் இறகு போல் விரிந்திருக்கும் செவுள்கள் மெல்லச் சுருங்கும், வால் நுனி கொக்கி போல மடங்கும், தீனியைத் துப்பும், பிறகு பஞ்சு ஒட்டியது போல் பூஞ்சை படரும். கடைத் தொட்டியில் சில நாள் நன்றாகத் தெரிவதால்தான் "தொந்தரவே இல்லை" என்று சொல்ல முடிகிறது. ஒழுங்காகப் பராமரித்தால் 10, 15 வருடம் வாழவேண்டிய உயிர் அது.

சரி, குளிர்விக்க வழியே இல்லையா? இருக்கிறது. சில்லர் என்று ஒரு கருவி உண்டு. சின்னக் குளிர்பதனப் பெட்டியைத் தொட்டிக் குழாயில் இணைத்தது போலத்தான் வேலை செய்யும். ஆனால் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை அது ஏறக்குறைய ஓய்வில்லாமல் ஓடவேண்டியிருக்கும், தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை உங்கள் அறைக்குள்ளேயே கொட்டும், கரன்ட் பில்லும் ஏறும். இரவில் மட்டும் ஏசி போடுவது உதவாது. இரவு 24, பகல் 32 என்று தினமும் ஏறி இறங்குவது அதற்குத் தனியாக ஒரு தொல்லை. ஐஸ் பாட்டில் மிதக்கவிடுவதிலும் இதே கதைதான். மேலே சின்ன விசிறி வைத்தால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும், ஆனால் கடல்காற்றில் ஈரம் மிகுந்த வட சென்னை மாலைகளில் அந்தப் பலனும் குறைந்துவிடும். சில்லரும் அதற்கு இன்வெர்ட்டரும் வாங்கிவைக்க முடிந்தவர்கள் வளர்க்கலாம், நன்றாக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி முடியாத வீட்டில் அது மெல்ல மெல்லச் சாவதைப் பையன் கண்ணெதிரே பார்க்கவேண்டி வரும்.

எந்த உயிரை நினைத்தாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். தொட்டி வைக்க நினைக்கும் அதே இடத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் வைத்து, மீன் கடையில் கிடைக்கும் சாதாரணக் கண்ணாடித் தெர்மாமீட்டரைப் போட்டுவிடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் பார்த்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மே மாதத்தில் ஒரு வாரம் இதைச் செய்தால் போதும், எந்தக் கடைக்காரர் பேச்சும் தேவைப்படாது.

நியூட் விஷயம் சுருக்கமானது. கடைகளில் தெரியவரும் நெருப்பு வயிற்று நியூட்டுகள் சீனா, ஜப்பான் பக்கத்துக் குளிர்நீர் உயிர்கள். அவற்றுக்கும் 16 முதல் 20 டிகிரி வேண்டும், ஆகவே மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். போதாததற்கு அவற்றின் தோலில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. பஃபர் மீனில் இருக்கும் அதே நஞ்சு. தொட்டவுடன் ஆபத்தில்லை, ஆனால் கை கழுவாமல் வாயிலோ கண்ணிலோ வைக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சுவரேறித் தப்பிவிடும், அடுத்த நாள் அலமாரிக்கு அடியில் காய்ந்து கிடக்கும். இந்தியாவிலேயே நியூட் உண்டா என்று சிலர் கேட்பார்கள். டார்ஜிலிங், சிக்கிம், வடகிழக்கு மலைகளில் இமாலய நியூட் இருக்கிறது. அது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காட்டுயிர், வளர்க்கக் கூடாது.

இனித் தவளைக்கு வருவோம். உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை. முழுக்கத் தண்ணீரிலேயே வாழும், நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வளராது, 24 முதல் 27 டிகிரி வரை சுகமாக இருக்கும். நம் ஊரில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தனியாகக் குளிர்விக்க வேண்டியதில்லை. மற்ற மாதங்களில், முக்கியமாக ஏப்ரல், மே, ஜூனில், தொட்டியை வீட்டிலேயே குளிர்ந்த அறையின் தரையோரம் மாற்றி, மேலே விசிறி வைக்கவேண்டும். நான்கு தவளைக்கு 40 லிட்டர்த் தொட்டி தாராளம். நுரையீரலால் மூச்சு விடுவதால் அடிக்கடி மேலே வந்துபோகும். ஆகவே ஆழமான தொட்டி வேண்டாம், ஒரு அடித் தண்ணீருக்குள் இருக்கட்டும். ஃபில்டர் மெதுவாக ஓடவேண்டும், ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். மூடி கட்டாயம். கண்பார்வை மந்தம், மோப்பத்தில்தான் தீனியைத் தேடும். அதனால் வேகமான மீன்களோடு போட்டால் எல்லாவற்றையும் மீன் தின்றுவிடும், தவளை பட்டினி கிடக்கும். உறைந்த பிளட் வார்மை (மீன் கடையில் கிடைக்கும் சின்னச் சிவப்புப் புழு) கரையவைத்து, சொட்டுக் குழாயாலோ நீண்ட இடுக்கியாலோ மூக்கருகே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடித்துப்போகும், நீங்களே பார்ப்பீர்கள். இரவில் ஆண் தவளை மெல்லிய ரீங்காரம் இடும். நன்றாக வைத்தால் ஐந்து வருடம் வாழும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குள்ளத் தவளை என்று சொல்லி, ஆப்பிரிக்காவின் இன்னொரு இனமான நகத் தவளையின் குஞ்சுகளைக் கொடுத்துவிடும் கடைகள் உண்டு. வெள்ளையாக இருந்தால் நகத் தவளையாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். முன்னங்கால் விரல்களைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. விரல்கள் தனித்தனியே விரிந்திருந்தால் நகத் தவளை, கண்களும் தலையின் உச்சியில் இருக்கும். நகத் தவளை உள்ளங்கை அளவுக்கு வளரும், 15 வருடத்துக்கு மேல் வாழும், கூட இருக்கும் மீனையும் குள்ளத் தவளையையும் விழுங்கிவிடும். 1930-களிலிருந்து பெண்களின் கர்ப்பப் பரிசோதனைக்காக உலகமெங்கும் ஏற்றுமதியான தவளை இதுதான். அப்படிப் போன இடங்களில் தப்பியும் விடப்பட்டும், கலிபோர்னியா, சிலி, பிரான்ஸ் என்று பல நாட்டு நீர்நிலைகளில் குடியேறிவிட்டது.

பேக்மேன் தவளையும் இப்போது நம் கடைகளில் தெரிகிறது. அர்ஜென்டினா பக்கத்துத் தென் அமெரிக்கத் தவளை, உருண்டையாக, வாயே பாதி உடம்பாக இருக்கும். 24 முதல் 28 டிகிரி அதற்குப் போதும் என்பதால் நம் ஊருக்கு ஓரளவு ஒத்துவரும். 30-க்கு மேல் போகவிடக் கூடாது. ஈரமான தேங்காய் நார்த்தூளில் புதைந்துகொண்டு கண் மட்டும் வெளியே வைத்து உட்கார்ந்திருக்கும், நாள் முழுக்க அசையாது. அந்த அமைதி பிடித்தவர்களுக்கு அருமையான உயிர். விளையாட்டு எதிர்பார்க்கும் பையனுக்கு ஒரு மாதத்தில் அலுத்துப்போகலாம், தவளையோ பத்து வருடம் இருக்கும். ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். இரண்டு போட்டால் ஒன்று மற்றதைத் தின்னும். கையை வைத்தால் கடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிருள்ள கிரிக்கெட் பூச்சி, மண்புழு என்று தீனி கொடுக்கவேண்டும். பூச்சிக்குக் கால்சியமும் டி3 வைட்டமினும் சேர்ந்த பொடி தூவிக் கொடுக்காவிட்டால் எலும்பு வளையும். பூச்சி டப்பா உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். வளர்ந்த தவளைக்குத் தினமும் தீனி வேண்டாம், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். எலிக்குஞ்சு போட்டு வீடியோ எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தவளையைக் கொழுக்கவைத்துக் கொல்லும் வழி, செய்யாதீர்கள்.

ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளையும் நம் சூட்டைத் தாங்கும், பழகக்கூடியது, ஆனால் உயரமான கூண்டும் இருபது வருடம் வரை பொறுப்பும் கேட்கும். நச்சு அம்புத் தவளைகள் பார்க்க நகை மாதிரி இருக்கும். காட்டில் தின்னும் எறும்பு, பொடி உண்ணிகளிலிருந்துதான் அவற்றுக்கு நஞ்சு சேர்கிறது, தொட்டியில் பிறந்தவற்றுக்கு நஞ்சே இருக்காது. ஆனால் அவை புதியவர்களுக்கானவை அல்ல.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டும். தவளை, நியூட், ஆக்சலாட்டில் போன்ற இருவாழ்விகளின் தோல் நம் தோல் போல அல்ல. அது தண்ணீரைக் குடிக்கிறது, மூச்சுக்கும் உதவுகிறது. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது நேராக உடம்புக்குள் போகும். மெட்ரோ வாட்டரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் உண்டு. ஒரு டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். அவசரத்துக்கு மீன் கடை ஆன்டி குளோரினைச் சொன்ன அளவில் போடலாம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு, அதைத் தவிருங்கள். கேன் தண்ணீரில் தாது உப்பு மிகக் குறைவு, அதை மட்டுமே ஊற்றுவதும் நல்லதல்ல. தொட்டி வைத்த அன்றே உயிரை விடக் கூடாது. கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்தப் பொறுமை இல்லாததால்தான் நிறையத் தவளைகள் முதல் வாரத்திலேயே சாகின்றன. அடியில் கூழாங்கல் வேண்டாம். தீனியோடு கல்லையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். வெறும் கண்ணாடி அல்லது மிக நைசான மணல் போதும்.

நம் பக்கத்து வீடுகளில் யாரும் யோசிக்காத ஒரு ஆபத்து கொசு மருந்து. பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் என்று சுற்றிலும் கொசு உற்பத்தியாகும் இடங்கள். இரவானால் கொசுவத்தியோ லிக்விடோ இல்லாமல் தூங்க முடியாது. அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்கும் தவளைக்கும் கடும் நஞ்சு. ஏர் பம்ப் அந்த அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதும். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். மாநகராட்சிப் புகை வண்டி தெருவில் வந்தால் சன்னலைச் சாத்தி, பம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். அப்புறம், மின்வெட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் எத்தனையோ தெருக்களில் நாட்கணக்கில் கரன்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

நோய் வந்தால் மீனுக்குப் போடும் மருந்தை எடுத்து ஊற்றாதீர்கள். காப்பர், ஃபார்மலின், மாலகைட் கிரீன் கலந்தவை அந்த மெல்லிய தோலில் ஏறிக் கொன்றுவிடும். வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். உயிரை வாங்குவதற்கு முன்பே, தவளைக்குப் பார்க்கும் மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யும் வாளி, வலை எல்லாம் தனியாக இருக்கவேண்டும், சமையல் தொட்டியில் கழுவக் கூடாது. தவளைகள் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும். தொட்டியில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தொடுவதற்கு முன்பும் கழுவி, சோப்பு துளியும் மிச்சமில்லாமல் அலசி, ஈரக்கையோடுதான் தொடவேண்டும். தேவையில்லாமல் கையில் எடுக்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் பெரிய உதவி.

எனக்கு மிகவும் மனசு அடித்துக்கொள்ளும் விஷயம் ஒன்று. அலுத்துப்போன உயிரை ரெட்டேரியிலோ புழல் ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். "பாவம், பிழைத்துப்போகட்டும்" என்று நல்ல மனதோடுதான் பலர் செய்கிறார்கள். கைட்ரிட் என்ற தோல் பூஞ்சை உலகத்தின் தவளை இனங்களை அழித்துவருகிறது. 2019-இல் வெளியான ஒரு மதிப்பீடு, குறைந்தது 501 இனங்கள் அதனால் சரிந்திருக்கின்றன, அவற்றில் 90 அழிந்தே போயிருக்கலாம் என்றது. அந்தப் பூஞ்சை கண்டம் விட்டுக் கண்டம் பரவியதில் வளர்ப்புயிர் வணிகத்துக்குப் பங்கு உண்டு. பார்வைக்கு ஆரோக்கியமான நகத் தவளைகூட அதைச் சுமந்து வரலாம். நோயே இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. நம் வயல்களில் கத்தும் இந்தியக் காளைத் தவளையே அந்தமானுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே ஆக்கிரமிப்பு இனமாகிவிட்டது. அதன் தலைப்பிரட்டைகள் அந்தத் தீவுத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடுகின்றன. வைத்துக்கொள்ள முடியாவிட்டால் வாங்கிய கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படையுங்கள். பழைய தொட்டித் தண்ணீரையும் கால்வாயில் கொட்டாமல், பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்துவிட்டுக் கழிவறையில் ஊற்றுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் உள்ள உயிர்களை வைத்திருப்பவர்கள், 2024-இல் வந்த விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். ஆக்சலாட்டிலும் நச்சு அம்புத் தவளைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. பில்லும் பதிவுத் தாளும் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து பெட்டியில் அடைத்துக் கடத்திவரும் உயிர்களை நம் விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடிப்பது செய்திகளில் வந்துகொண்டே இருக்கிறது. தாள் இல்லாத உயிருக்குப் பின்னால் அப்படி ஒரு பயணம் இருக்கலாம். நம் ஊர்த் தவளைகளைப் பிடித்து வளர்ப்பதும் கூடாது. மழைக்காலத்தில் பாத்ரூம் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும் மரத்தவளையை உங்கள் மகன் பார்த்திருப்பான். விளக்கைப் போட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும், டப்பாவில் அடைக்க வேண்டாம்.

குள்ளத் தவளை என்று முடிவானால் அக்டோபர் கடைசியில் தொட்டியையும் ஃபில்டரையும் வைத்து ஓடவிடுங்கள். துளித்துளியாக மீன் தீனி போட்டு வாருங்கள், தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை காத்திருங்கள். டிசம்பர் நடுவில் தவளை வாங்கலாம். காலையில் கடை திறக்கும் நேரம் போய், உங்கள் கண்முன்னே தீனி போடச் சொல்லுங்கள். தின்னாத தவளையும், கால்கள் சிவந்த தவளையும், மேலேயே மிதந்துகொண்டிருக்கும் தவளையும் வேண்டாம். அந்தத் தொட்டியில் ஒன்று செத்துக் கிடந்தாலும் வேறு கடை பாருங்கள். ஆரோக்கியமான நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை தொடங்க அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றுவதும், இடுக்கியால் தீனி கொடுப்பதும், தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவதும் அதற்குள் மகனுக்குக் கைவந்துவிடும்.